லைட்டை யாருக்கு வைப்பது

"தோளைத் தளர விடுங்கக்கா, வெறப்பா நிக்கறீங்க" என்கிறாள் ரெஜினா. விட்டுவிட்டேன். இதற்கு மேல் விட்டால் கையோடு கழன்று கீழேதான் விழும். காலையில் காப்பி குடித்த கையோடு போட்டோவுக்கு நிற்க ஆரம்பித்தது, இன்னும் நிற்கிறேன், கும்பிட்ட கை கும்பிட்டபடி. ஃபேன் போடக் கூடாது, போட்டால் பின்னால் திரையாகச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் வேட்டி ஆடும். ஜன்னலைத் திறக்கக் கூடாது, திறந்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும். ஃப்ரிட்ஜைப் பிடுங்கியாயிற்று, ஹாலில் இருக்கிற ஒரே பெரிய பிளக்கு அதனுடையது, அதில்தான் ரெஜினாவின் லைட்டுகள் இரண்டும் உட்கார்ந்து கரண்டு குடிக்கின்றன. சித்திரை வெயில் மொட்டைமாடியைக் காய்ச்சித் தலைக்குமேல் இறக்குகிறது. இதற்கு நடுவில் கம்பத்தின் உச்சியில் வெள்ளைக் குடை ஒன்றை விரித்து வைத்திருக்கிறாள். வீட்டுக்குள் எந்த மழைக்கு இந்தக் குடை? டப். ஹால் முழுக்க வெள்ளையாகிக் காணாமல் போய்த் திரும்பி வருகிறது. கண்ணுக்கு முன்னால் பச்சையாக ஒரு திட்டு மிதக்கிறது, ரெஜினாவின் முகத்தின் மேல், சோபாவின் மேல், நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே. என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? பால். ஃப்ரிட்ஜில் பால் இருக்கிறது, திரிந்துவிடும். இந்த லைட்டு ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் நினைப்பை நடுவில் அறுத்துவிடுகிறது, பிறகு நுனியைத் தேடி எடுத்துக் கோக்க வேண்டியிருக்கிறது. அடித்து முடித்ததும் அந்த லைட்டுப் பெட்டி கொஞ்ச நேரம் முனகும், முனகி முடித்ததும் பீப் என்று கத்தும், அடுத்த அடிக்கு நான் தயார் என்று. அதற்காவது மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறார்கள்.

ரெஜினா பக்கத்துத் தெருப் பெண். கைக்குழந்தைகளைப் படம் எடுப்பவள். ஸ்கூட்டரில் லைட்டுகளைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், பிள்ளையைக் கூடைக்குள் படுக்க வைத்து, தலைக்குப் பூக்கட்டி எடுப்பாள். இன்றைக்கு அவளுக்குக் கிடைத்த குழந்தைகள் நாங்கள் இரண்டு பேரும். "பஜார் ஸ்டுடியோவுக்குப் போனா, படம் நம்ம கைக்கு வர்றதுக்கு முந்தி எதிராளி கைக்குப் போயிரும்" என்று சொல்லி அவளை வீட்டுக்கே வரவழைத்தவர் இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சென்னியப்பன், இந்தப் பதினேழாவது வார்டின் மாஜி கவுன்சிலர். எனக்கு அரை அடி முன்னால், என் ஒரு தோளைச் சுத்தமாக மறைத்துக்கொண்டு நிற்கிறார். வேட்பாளர் யாரென்று கேட்டால், நான். கோகிலவாணி. சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் இந்த ஹாலுக்குள் புதிதாக நுழைகிற எவரும் என்னைப் பந்தலுக்குக் கட்டிய வாழைமரம் என்றுதான் நினைப்பார்கள். எனக்குத் தெரிவதெல்லாம் இவருடைய பிடரி. மையடித்த முடி, மை வழிந்து தோலில் படிந்த ஒரு கோடு, அதற்குக் கீழே காலர். அந்தக் காலருக்குக் கஞ்சி போட்டவள் நான், நீலம் போட்டவள் நான், இஸ்திரிப் பெட்டியைச் சூடு பார்த்துத் தேய்த்தவள் நான். கஞ்சி வாசனையும் பவுடர் வாசனையும் வேர்வையும் கலந்து மூக்கில் ஏறுகிறது. இருபத்திரண்டு வருடமாக இந்தப் பிடரியைத்தான் பார்க்கிறேன், ஸ்கூட்டரில், கோயில் வரிசையில், கல்யாண வீட்டுப் படியில். முகத்தைப் பார்த்ததைவிட இதைப் பார்த்த நேரம் அதிகம் இருக்கும் போலிருக்கிறது.

டப். முனகல். உடனே இவர் கையை இறக்கிவிட்டு ரெஜினாவிடம் ஓடுகிறார், காமிராவின் முதுகில் படம் பார்க்க. அதிலும் தன்னைத்தான் பார்க்கிறார், எனக்குத் தெரியும், பார்க்கிற விரல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே தெரிகிறது. "தாடை கொஞ்சம் தொங்குது பாரு. நிமிர்ந்து நிக்கோணும் போலிருக்குது." நிமிருங்கள், யார் வேண்டாமென்றது. பிறகுதான் போனால் போகிறதென்று என் பக்கம் விரல் வருகிறது. "இவ என்னம்மா இப்பிடிக் கருகருன்னு தெரியறா?" ரெஜினா என்னைப் பார்க்காமல், "அண்ணா லைட்டுக்குக் கிட்ட இருக்கறீங்க, சட்டையும் வெள்ளை, பின்னாடியும் வெள்ளை. உங்க சட்டைக்கு அளவா லைட்டு வச்சா அக்கா இருட்டடிக்கறாங்க. ஹால் சின்னது, லைட்டைத் தள்ளி வைக்க எடமில்லீங்ணா" என்கிறாள். "அப்ப பவுடர் போடச் சொல்லு" என்கிறார் இவர். பிரச்சினை அவருடைய சட்டை என்கிறாள் அவள், மருந்து என் முகத்துக்கு என்கிறார் இவர். பல்வலிக்காரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் பல்லைப் பிடுங்குகிற வைத்தியம் இந்த வீட்டில் மட்டும்தான் நடக்கும். இது மூன்றாவது பவுடர். முதலில் போட்டது வேர்வையில் வழிந்து, இரண்டாவதை அதன்மேல் அப்பி, இப்போது சிரித்தால் கன்னத்தில் கோடு விழுகிறது. நான் கறுப்புதான். பெண் பார்க்க வந்தபோதும் கறுப்பு, அன்றைக்கு ட்யூப்லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தானே பிடித்திருக்கிறது என்றார்கள். வார்டில் பாதிப் பேர் என் நிறம், மீதிப் பேர் அதற்கும் மேல். ஓட்டுப் போடப் போகிறவர்களுக்கு இல்லாத கூச்சம் இவருக்கு எதற்கு?

பவுடர் போடுகிற சாக்கில் படுக்கையறைக்கு வந்து ஃபேனைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். காற்று. சாமி, காற்று என்று ஒன்று இருக்கிறது. பீரோக் கண்ணாடியில் ஒரு அம்மாள் நிற்கிறாள், பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, முகம் மட்டும் சுண்ணாம்படித்த மாதிரி. இவள் யார், எனக்கே ஓட்டுப் போட மனம் வரவில்லை. சேலையும் இவர் எடுத்து வைத்ததுதான், கட்சிக் கரை இருக்கிறதாம். நான் எடுத்து வைத்திருந்தது பழுப்பு நிறக் காட்டன், அதைக் கட்டிக்கொண்டுதான் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போவேன், குழாயடிக்குப் போவேன், அதில்தான் என்னை நாலு பேருக்குத் தெரியும். "அதென்ன, ரேசன் கடைக்கா போற" என்று தூக்கிப் போட்டுவிட்டார். ரேசன் கடையில் நிற்கிறவர்கள்தானே ஐயா ஓட்டுப் போடுகிறார்கள். சொல்லவில்லை. தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று, வழக்கமாகப் போகிற வழி. என்னிடம் ஒரு கெட்ட பழக்கம், சண்டையை மனதுக்குள்ளேயே போட்டு, அவர் பதிலையும் நானே சொல்லி, நானே தோற்று, காப்பி போடப் போய்விடுவேன். அவருக்கு இப்படி ஒரு சண்டை நடந்ததே தெரியாது.

வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்றைக்கு இவர் வீட்டுக்குள் வந்து துண்டை உதறி நாற்காலி மேல் போட்டார். எழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. சாப்பிட உட்கார்ந்து, ரசத்துக்கு வந்தபிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ நின்னுரு" என்றார். நான் அப்பளம் எடுத்துக்கொண்டு நின்றுகொண்டுதான் இருந்தேன், எதற்கு நிற்கச் சொல்கிறார் என்று புரியவில்லை. "எலக்சன்ல" என்றார். அவ்வளவுதான். நிற்கிறாயா என்று இல்லை, நின்றுவிடு. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்பதும் அதே குரல். எனக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது, அதை ஒளிக்க வேண்டியதில்லை, யாரும் கேட்கப் போவதில்லை, குளிர்ந்தது. நான், எலக்ஷனில். அடுத்த வாய் சாதத்தில், "நீ ஒண்ணும் பயப்படாத, கையெழுத்து மட்டும் போட்டாப் போதும், மத்ததை நான் பாத்துக்குவேன்" என்றார். சின்ன வயதில் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிற மாதிரி சேர்த்து, அடிபட்டாலும் கணக்கில்லை, பிடிபட்டாலும் கணக்கில்லை என்று ஓரத்தில் நிறுத்துவோமே, ஒப்புக்குச் சப்பாணி, அந்த இடம் எனக்கு. அப்பளம் கையில் நமுத்துப் போயிற்று.

"அக்கா, வாங்கக்கா" என்று ரெஜினா கூப்பிடுகிறாள். வருகிறேன். மத்ததை நான் பார்த்துக்கொள்வேன் என்றாரே, எந்த மத்ததை? இவர் கவுன்சிலராக இருந்த ஐந்து வருடமும் இந்த வாசலில் வந்து நின்றவர்களை யார் பார்த்தார்கள்? தண்ணீர் வரவில்லை என்று வருவார்கள், இவர் கட்சி ஆபீஸில் இருப்பார். சாக்கடை அடைத்துவிட்டது என்று வருவார்கள், இவர் யார் வீட்டுக் காதுகுத்துக்கோ மாலையோடு போயிருப்பார். நான்தான் வாசலில் நின்று கேட்பேன், நான்தான் ஃபிட்டர் மாரப்பனுக்குப் போன் போடுவேன், நான்தான் குழுப் பெண்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு நகராட்சி ஆபீஸ் படியேறுவேன். தெருவில் எந்த வால்வைத் திருப்பினால் எந்த வரிசைக்குத் தண்ணீர் போகும் என்று எனக்குத் தெரியும். இவருக்கு மேடையில் நாற்காலி எத்தனை என்று தெரியும். இவர் கெட்டவர் இல்லை. ஒருவரிடமும் கைநீட்டியவர் இல்லை, ஆஸ்பத்திரிக்கென்று வந்தால் சட்டைப்பையில் இருப்பதை அப்படியே கொடுத்துவிடுவார், பிறகு வீட்டுக்குக் காய் வாங்க நான் சில்லறை தேட வேண்டும். ஆனால் கூட்டத்தின் நடுவில் நிற்காவிட்டால் இவருக்கு மூச்சு முட்டும். அதுதான் வியாதி.

நிற்கிறேன். கும்பிடுகிறேன். "கை இன்னும் மேல அக்கா. தாலிக்கொடி மறையாம." டப். பச்சைத் திட்டு. இதே மாதிரி ஒரு டப் எங்கள் கல்யாணத்தில், தாலி ஏறுகிற நேரத்தில். தலையைக் குனி, குனி என்று பின்னாலிருந்து யாரோ என் பிடரியில் கைவைத்து அமுக்கினார்கள். ஆல்பத்தில் அந்தப் படத்தில் என் வகிடு மட்டும் தெரியும், நேரான வகிடு, அது நான்தான் என்று பிறகு வருபவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இவர் முகம் நிலா மாதிரி. சிரிப்பு வருகிறது, சிரித்தால் பவுடர் வெடிக்கும். "இந்தாம்மா, சட்டுப்புட்டுன்னு எடு, நாச்சிமுத்து பிளெக்ஸ் மிசின்கிட்டக் காத்துட்டு நிக்கறான்" என்கிறார் இவர். நாச்சிமுத்து இவருடைய கூட்டாளி, போஸ்டர் வேலையெல்லாம் அவன் பொறுப்பு. அவன் கம்ப்யூட்டரில் எல்லாம் தயார், படம் மட்டும் பாக்கி. நேற்றே செல்போனில் அனுப்பிக் காட்டினார்கள். மேலே தலைவர்கள் வரிசையாக. நடுவில் எங்கள் இருவருக்கும் காலியிடம். கீழே கொட்டை எழுத்தில் மாண்புமிகு மக்கள் தொண்டன் சென்னியப்பன் அவர்களின், அதற்குக் கீழே கொஞ்சம் சின்னதாக, துணைவியார், அதற்கும் கீழே என் பெயர். கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது. மாண்புமிகு எப்போது ஆனார் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் போட்டுக்கறதுதான்" என்றான் நாச்சிமுத்து.

இந்த பிளெக்ஸ் குழாயடியில் வைக்கப்படும், அதுதான் என்னை அரிக்கிறது. கோயில் முக்கில் வைக்கட்டும், பஸ் ஸ்டாண்டில் வைக்கட்டும், குழாயடியில் தங்கமணி பார்ப்பாளே. தங்கமணி எங்கள் குழுவின் பொருளாளர், வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். போன வாரம் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள், "கோகிலா, நெசமா நீ நிக்கறியா, இல்ல உம்பட வூட்டுக்காரரு உன்ற சேலையைக் கட்டிட்டு நிக்கறாரா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தங்கமணி சிரிக்கவில்லை. "நீ நின்னா எங்க சந்துல ஒரு ஓட்டு வெளிய போகாது. அவருக்குன்னா நாங்க எதுக்குப் போடோணும், அஞ்சு வருசம் பாத்தாச்சு. நீ ஒரு வார்த்தை சொல்லு." வரிசையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் குடத்தில் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, ஒருத்தியும் குழாயை மூடவில்லை. நான் என்ன சொன்னேன்? பார்க்கலாம் என்றேன். பார்க்கலாமாம். அவள் கேட்டதற்குப் பதில் இந்தப் படம்தான். இவர் முன்னால், நான் பின்னால் இருட்டில் பல் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் குழாயடியில் நின்றால், அதைவிடத் தெளிவாக நான் வாயால்கூடச் சொல்ல முடியாது. தங்கமணி நிமிர்ந்து பார்ப்பாள், சரி என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அதற்குப் பிறகு அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

பயமும் இருக்கிறது. இல்லாமலா? ஜெயித்துவிட்டால்? பக்கத்து வார்டு மரகதம் ஜெயித்தாள். கூட்டம் நடக்கிற அன்றைக்கு அவள் வீட்டுக்காரர் உள்ளே போய் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்வார், அவள் வெளியே காருக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு மடியில் டிபன் டப்பாவோடு இருப்பாள். ஒருநாள் நகராட்சிக்குப் போனபோது கார்க் கண்ணாடியைத் தட்டி, "உள்ள போகலியா மரகதம்?" என்று கேட்டேன். "எனக்கு அங்க என்னக்கா வேலை, கையெழுத்துன்னா இங்கயே கொண்டாந்து நீட்டுவாங்க" என்றாள். வெட்கப்படவில்லை, வருத்தப்படவில்லை, எனக்கு ஒரு லட்டு கொடுத்தாள். அந்த லட்டுதான் பயமாக இருக்கிறது. நானும் அப்படி நிம்மதியாக உட்கார்ந்து லட்டுப் பிட்டுக்கொண்டு இருந்துவிடுவேனோ? இருந்துவிட முடியும், அதுதான். எனக்கு மேடையில் பேச வராது, மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இவர் பேசுவார், நான் கும்பிடுவேன், எல்லாரும் சுகமாக இருப்போம். எதற்கு இந்த எரிச்சல், இந்த வேர்வை? டப். எங்கே விட்டேன்? லட்டு. இல்லை, தங்கமணி.

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா" என்கிறாள் ரெஜினா. "அக்கா முன்னாடி வந்து லைட்டுகிட்ட நிக்கட்டும், நீங்க ஒரு எட்டு பின்னாடி போயிருங்க. ரெண்டு பேரும் அளவா வந்துருவீங்க." இவர் அவளைப் பார்த்த பார்வையில் குடை மடங்கியிருக்க வேண்டும். "பொண்டாட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கறான்னு ஊரே சிரிக்கும் தாயி." "அப்பச் சட்டையாவது மாத்திக்கோங்ணா, நீலமோ பச்சையோ." "வெள்ளைச் சட்டை இல்லாம நிக்கறதா? எவனுக்கு என்னை அடையாளம் தெரியும்?" அதுவும் வாஸ்தவம்தான். தூங்குகிற நேரம் தவிர இவரை வேறு நிறத்தில் யாரும் பார்த்ததில்லை. பின்னால் திரையும் இவருடைய வேட்டி, ரெஜினா கொண்டு வந்த துணி அகலம் போதாதென்று பீரோவிலிருந்து இவரே எட்டு முழத்தை எடுத்து, சுவரில் புத்தம்புது ஆணியாக அடித்து மாட்டினார். ஆணியடிக்காதீர்கள், பெயிண்ட் பெயரும் என்றேன். காதில் விழுந்தால்தானே. வீடு முழுக்க இவர் வெள்ளைதான், எனக்கு நிற்க அதற்கு நடுவில் ஒரு சந்து. அப்போது செல் அடிக்கிறது, நாச்சிமுத்து. இவர் "வந்துட்டே இருக்குது, வந்துட்டே இருக்குது" என்று கத்திக்கொண்டே பின்வாசலுக்குப் போகிறார், வீட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும்.

"அக்கா, இங்க வந்து பாருங்க" என்று குரலைத் தாழ்த்திக் கூப்பிடுகிறாள் ரெஜினா. காமிராவின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு எங்கள் ஹால். ஒரு படம். அதில் இவர் பளிச்சென்று இருக்கிறார், சட்டை மடிப்பு ஒவ்வொன்றும் தெரிகிறது, பையில் இருக்கிற பேனா தெரிகிறது. பக்கத்தில் ஒரு நிழல், நிழலுக்குத் தாலிக்கொடி. "இது அண்ணாவுக்கு வச்சது" என்கிறாள். "இதைப் பாருங்க, சும்மா ஒரு தடவை உங்களுக்கு வச்சுப் பாத்தேன்." அடுத்த படம். நான்தான் பார்க்கிறேன், பார்த்தும் கொஞ்ச நேரம் ஆகிறது பிடிபட. என் முகம். நெற்றியோரம் நரை, மூக்கோரம் பவுடர் தங்கிய இடம், மோவாயில் மச்சம், கண்ணுக்குக் கீழே கறுப்பு, எல்லாம் இருக்கிறது. என் நிறம் என் நிறமாகவே இருக்கிறது. எரிச்சலோடு இருக்கிறேன், வாயைப் பார்த்தால் தெரிகிறது, இப்போதே படியேறிப் போய் கமிஷனரைக் கேள்வி கேட்கப் போகிறவள் மாதிரி. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. இவர் எங்கே என்று தேடினேன். சட்டை போய்த் திரை வேட்டியில் கலந்துவிட்டது, வேட்டி போய்ச் சுவரில் கலந்துவிட்டது, ஒரு தலையும் கும்பிட்ட இரண்டு கையும் வெள்ளைக்குள் தனித்தனியாக மிதக்கின்றன, முகமும் பாதி வெளுத்துப்போய். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ரெஜினாவும் சிரித்தாள், பிறகு இரண்டு பேரும் பின்வாசலைப் பார்த்தோம். "ரெண்டுல ஒண்ணுதான் முடியும்க்கா" என்றாள். "யாருக்கு வைக்கட்டும்?"

பதில் சொல்வதற்குள் இவர் வந்துவிட்டார், வந்த வேகத்தில் தன் இடத்தில் போய் நின்றுகொண்டார். ரெஜினா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவளாகவே, "அண்ணா, லைட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்க. சித்த நேரம் நீங்க வெளிய நில்லுங்க, அக்காவை மட்டும் தனியா எடுத்தர்றேன்" என்றாள். நல்ல பெண். எனக்காக ஒரு பொய் சொல்கிறாள், பழியை லைட்டின் தலையில் போட்டுவிட்டாள். லைட்டுக்கு வாயா இருக்கிறது. எவ்வளவு சுலபம், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, இந்தப் பக்கம் சண்டை இல்லை, அந்தப் பக்கம் தங்கமணிக்கு என் முகம். இவ்வளவு நாளும் நான் பிழைத்தது இப்படித்தான், இவரிடம் வேண்டாம் என்று சொல்லாமல், மழை என்பேன், வயிற்றுவலி என்பேன், கிருத்திகை விரதம் என்பேன். இவரும் நகரப் பார்த்தார், "லைட்டுக்குன்னாச் சரி" என்று. நெஞ்சில் ஒரு பெரிய மூச்சு இறங்கியது. உடனே, "அப்பறம் என்னையும் தனியா ஒண்ணு எடுத்துரு தாயி. நாச்சிமுத்து கம்ப்யூட்டர்ல வெட்டி முன்னாடி ஒட்டிக்குவான், எவ்வளவு பெருசு வேணுமோ அவ்வளவு பெருசு" என்றார். போயிற்று. இறங்கின மூச்சு அப்படியே நின்றது. லைட்டின் மேல் பழியைப் போட்டால் லைட்டுக்கு மருந்து கண்டுபிடிப்பார். எதன் மேல் போட்டாலும் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பார். என் மேல் மட்டும்தான் நான் இதுவரை போட்டுப் பார்க்கவில்லை.

"லைட்டுக்காக இல்லீங்க" என்கிறேன். என் குரல்தானா, கொஞ்சம் கீச்சென்று வருகிறது, வரட்டும். "நான் சொல்றேன். படத்துல நான் மட்டும் இருக்கறேன்."

இவர் திரும்புகிறார். பிடரி போய் முகம் வருகிறது. "என்ன புள்ள சொல்ற?"

"வார்டு பொம்பளைக்கு வந்திருக்குதுங்க. நின்னுருன்னு நீங்கதான சொன்னீங்க. நானே நின்னுக்கறேன். நாச்சிமுத்துகிட்டயும் நானே பேசிக்கறேன்."

ரெஜினா காமிராவில் ஏதோ பொத்தானை ரொம்ப அக்கறையாகத் தேடுகிறாள். இவர் சிரிக்கிறார், நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு பாதியில் நிற்கிறது. "என்ற மூஞ்சி இல்லாம உனக்கு எவன் ஓட்டுப் போடுவான்?" என்கிறார். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்கிறார், அதுதான் இன்னும் வலிக்கிறது. மனதுக்குள் போடுகிற சண்டையில் இந்த இடத்தில்தான் நான் எப்போதும் தோற்பேன். தங்கமணி பெயரைச் சொல்லலாம், குழு என்று சொல்லலாம், வால்வு என்று சொல்லலாம். வாயில் வருவது வேறு.

"போடாட்டிப் போகட்டும்ங்க" என்கிறேன். "தோத்தா நான் தோத்துட்டுப் போறேன்."

இதற்கு மருந்து இவரிடம் இல்லை. பிறகு, பிடிவாதம் என்று ஒன்று இருக்கிறதே, ஓட்டு எண்ணி முடித்த பிறகும் மேடையை விட்டு இறங்காத பிடிவாதம், அது வந்து காலை ஊன்றிக்கொள்கிறது. "நான் ஒரு எட்டு நகர மாட்டேன், பாத்தர்றேன்" என்று சொல்லிவிட்டு, முன்னால் திரும்பி, காலரை இழுத்துவிட்டு, கையைக் கும்பிட்டுக்கொண்டு, அதே அரை அடி முன்னால் நிற்கிறார்.

"நில்லுங்க" என்கிறேன். பவுடரை முந்தானையால் அழுத்தித் துடைக்கிறேன், ஒரு கன்னம், மறு கன்னம், நெற்றி. "ரெஜினா, எனக்கு வச்சு எடு."

அவள் லைட்டின் திருகை என் முகத்துக்கு அளவாகக் கூட்டி வைக்கிறாள். பெட்டி முனகி முடித்து பீப் என்கிறது. இவர் தாடையைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி, வார்டு மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறார்.